இரும்பின் ஓசையும் இரசிகனின் தீர்ப்பும்

புத்தளத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த ஊர் வண்ணாத்திவில்லு. மேற்கே கடனீரேரி; வடக்கே வில்பத்துக் காடு. இடையில் தென்னந்தோப்புகளும் மரமுந்திரிகைத் தோப்புகளும். 'வில்லு' என்பது மழைநீர் தானே வந்து தேங்கும் ஆழமற்ற இயற்கை நீர்நிலைக்குப் பெயர். நீர்நிலையின் பெயரைத் தாங்கிய அவ்வூரில் மாலை வேளையில் பறவைகளின் ஒலியும் ஓலைகளின் சலசலப்புமே மிகுதி.

அவ்வூரில் வாழும் இளைஞன் ஒருவனைக் கற்பனையிற் காணலாம். பகலெல்லாம் தோட்டத்தில் உழைத்துவிட்டு, மாலையில் திண்ணையில் அமர்ந்து கைத்தொலைபேசியில் இசை கேட்கின்றான். அவன் கேட்பது நாதசுரமன்று, திரைப்பாடலுமன்று. மேனாட்டார் 'ஹெவி மெட்டல்' என்று வழங்கும் கன உலோக இசை. உள்ளிருந்து வந்த தாய் சற்று நின்று கேட்டுவிட்டு, "இதென்ன தம்பி, தகரக் கொட்டகைமேல் கல்மழை பெய்தது போலக் கிடக்கிறதே!" என்கின்றாள்.

தாயின் வினா நேர்மையானது. மகனின் விருப்பமும் நேர்மையானது. இவ்விருவருக்கும் இடையே எழுந்த வழக்கு, உலகின் பல இல்லங்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு. பேரிரைச்சல் இசையாகுமா? ஆகுமெனின், அதில் நல்லது எது, தீயது எது என்று எவ்வாறு பிரித்தறிவது? இவையே ஆராய்தற்குரியன.

புதிய இசையைக் கண்டு பெரியோர் முகம் சுளிப்பது புதிதன்று. 1952 ஆம் ஆண்டில் இந்திய ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராய் வந்த கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுப்பன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடம் சுருங்கியது. விளைந்தது யாது? கோடிக்கணக்கான இந்திய நேயர்கள் தங்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கையின் பக்கம் திருப்பினர். கொழும்பிலிருந்து ஒலித்த வர்த்தக சேவையே அவர்களுக்குத் துணையாயிற்று. ஈற்றில் 1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் 'விவித பாரதி' என்னும் சேவையைத் தொடங்கித் திரைப்பாடலுக்கு மீண்டும் வாயில் திறக்க வேண்டியதாயிற்று. அன்று இழிந்தவை எனப்பட்ட பாடல்களையே இன்று முதியோர் 'பழைய இனிய பாடல்கள்' என்று போற்றுகின்றனர். ஆதலின், பழகாத ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பளிப்பது அறிவுடைமை ஆகாது.

இவ்விசை பிறந்த கதை இரும்போடு தொடர்புடையது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்பது ஆலைகள் நிறைந்த நகரம். அங்கே உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த டோனி ஐயோமி என்னும் பதினேழு வயது இளைஞன், வேலையை விட்டு நீங்க இருந்த இறுதி நாளில், பொறியிற் சிக்கி வலக்கையின் இரு விரல்களின் நுனியை இழந்தான். இடக்கைப் பழக்கமுடைய அவனுக்குக் கித்தாரின் தந்தியை அழுத்தும் கை வலக்கையே. இனி வாசிப்பே இல்லை என்று மனமுடைந்திருந்தவனுக்கு, தொழிற்சாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொணர்ந்து கேட்கச் செய்தார். தீயில் கை கருகி, இரண்டு விரல்களை மட்டுமே பெரிதும் பயன்படுத்தி வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் மேதையின் இசைத்தட்டு அது.

அவ்வொரு தட்டு அவ்விளைஞனின் வாழ்வைத் திருப்பியது. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மீண்டும் வாசிக்கத் தொடங்கினான். விரலுக்கு நோவாதிருக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பின்னர்த் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினான். தாழ்ந்த சுருதியில் பிறந்த அவ்வோசை இருண்டு கனத்தது. அவனும் அவன் தோழர் மூவரும் சேர்ந்த 'பிளாக் சபத்' குழுவின் முதல் இசைத்தொகுதி 1970 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆம் நாள் வெளியாயிற்று. கன உலோக இசையின் தோற்றத்தை அந்நாளிலிருந்தே பலரும் கணக்கிடுகின்றனர். காயம்பட்ட கையொன்று தன் குறையையே அணியாக்கிக்கொண்டது என்று இதனைச் சொல்லலாம்.

இனி, அவ்வோசையின் அமைப்பைக் காண்போர்க்கு அதில் ஒழுங்கு இருப்பது புலப்படும். கித்தாரிலிருந்து வரும் மின்னலையை, ஒலிபெருக்கி தாங்கும் அளவுக்கு மேல் செலுத்தினால் அலையின் முடிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையில் மூல ஒலியோடு அதன் மடங்கு ஒலிகள் பல கிளர்ந்தெழுகின்றன. கரகரத்துத் தடித்த நாதம் இவ்வாறு பிறக்கிறது. இத்தகைய நாதத்தில் பல சுரங்களை ஒருங்கே இசைத்தால் எல்லாம் கலங்கிவிடும். ஆகவே இவர்கள் பெரும்பாலும் ஆதார சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டுமே சேர்த்து இசைக்கின்றனர். பழந்தமிழ் இசைநூலார் குரல், இளி என்றவை இவையே. தம்பூராவில் காலமெல்லாம் ஒலித்துவரும் அதே உறவு, பர்மிங்ஹாமின் இரைச்சலுக்கும் அடித்தளமாக நிற்பது வியப்பன்றோ?

அம்முதல் தொகுதியின் முதற்பாட்டு, சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இடைவெளியை அச்சம் தோன்றப் பயன்படுத்தியது. ஐரோப்பிய இசையிலக்கணத்தார் அவ்விடைவெளியைச் 'சாத்தான்' என்றே பழித்தவர்கள். ஆனால் கருநாடக இசையின் எழுபத்திரண்டு மேளங்களில் முப்பத்தாறு அந்தப் பிரதி மத்திமத்தை உடையன. மங்கலம் பொருந்திய கல்யாணி இராகமும் அதனால் அழகு பெறுவதே. ஓர் இடைவெளி ஒரு நாட்டில் பேயாகவும் மற்றொரு நாட்டில் மணக்கோலமாகவும் இருக்குமெனின், நன்மை தீமை சுரத்தில் இல்லை. அதைக் கையாளும் வகையிலும் கேட்கும் பழக்கத்திலும் இருக்கின்றது என்பது தெளிவு.

பேய், இருள், போர், பிணம் ஆகியவற்றை இவ்விசை பாடுகின்றதே என்று கேட்கலாம். தமிழுக்கு இவை அந்நியம் அல்ல. செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் சமைக்கின்றன. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடியவர். தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டில் உவகைக்கும் நகைக்கும் இடம் உள்ளது போலவே அச்சத்துக்கும் வெகுளிக்கும் இளிவரலுக்கும் இடம் உண்டு. இனிமை ஒன்றையே கலையெனக் கொள்வது எட்டு அறை கொண்ட வீட்டில் ஓர் அறையில் மட்டும் குடியிருப்பதாகும்.

வெகுளியைப் பாடும் இசை கேட்போரையும் வெகுளியராக்கும் என்ற அச்சமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2015 ஆம் ஆண்டு இதனைச் சோதித்து வெளியிட்டனர். இவ்விசையில் ஈடுபாடுடைய 39 பேரிடம் முதலில் சினத்தைக் கிளறும் நினைவுகளைப் பேசச் செய்து, பின்னர் ஒரு பகுதியினரைத் தாம் விரும்பிய வன்மையான இசையையும் எஞ்சியோரை அமைதியையும் அனுபவிக்க விட்டனர். இசை கேட்டோரின் சினம் மேலும் வளரவில்லை; அவர்கள் ஊக்கம் பெற்றதாகவே கூறினர். சிறிய ஆய்வே எனினும், கோபத்துக்கு ஒரு வடிகால் வேண்டும் என்னும் பழைய அறிவை இது வலியுறுத்துகின்றது.

இவ்வளவும் சொன்னதால், உரத்து ஒலிப்பன யாவும் நல்லன என்பது கருத்தன்று. தேர்ந்த இரசிகனே இவ்விசையின் கடுமையான நடுவன். திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர் ஒன்றைப் பல்லவி போல நிறுத்தி, அதன்மேல் பாட்டை எழுப்புவதே இவ்விசையின் உயிர். அத்தொடர் மனத்தில் நிற்கின்றதா, நீளம் பொருளுக்கு ஏற்றதா, வேகத்துக்குக் காரணம் உண்டா, ஒலிப்பதிவு தெளிவானதா என்று அவன் வினவுகின்றான்.

அண்மைக்கால வெளியீடுகள் சிலவற்றை அவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். 'அயர்ன் மெய்டன்' என்னும் ஆங்கிலக் குழு 2021 இல் 'செஞ்ஜுட்சு' என்ற இரட்டைத் தொகுதியை வெளியிட்டது. ஏறத்தாழ 82 நிமிடங்கள். இறுதி மூன்று பாடல்களும் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேற்பட்டவை. மெல்லத் தொடங்கி, இடையில் விரைந்து, மீண்டும் மெல்ல அடங்கும் முறை எல்லாவற்றிலும் ஒன்றாய் இருப்பது குறை. ஆயினும் ஈற்றுப் பாட்டில் அம்முறையே ஆலாபனை போல விரிந்து நெஞ்சை நிறைக்கின்றது.

அமெரிக்காவின் 'மெட்டாலிக்கா' 2023 இல் அளித்த தொகுதி '72 சீசன்ஸ்'. ஒருவன் வாழ்வின் முதற் பதினெட்டு ஆண்டுகளே அவ்வெழுபத்திரண்டு பருவங்கள். சிறுவயதில் பெற்ற காயங்களைப் பின்னாளில் எவ்வாறு சுமப்பது என்பதே பொருள். பொருள் உயர்ந்தது, ஆயின் 77 நிமிடம் ஒரே வேகத்தில் ஓடுவது களைப்பூட்டுகின்றது. இரண்டு மூன்று பாடல்களைக் குறைத்திருப்பின் எஞ்சியவை ஒளி பெற்றிருக்கும்.

'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழுவின் 'இன்வின்சிபிள் ஷீல்ட்' 2024 மார்ச்சில் வெளிவந்தது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது வயது 72. கித்தார் கலைஞர் கிளென் டிப்டன், நடுக்குவாத நோயுற்றிருப்பதை 2018 இலேயே அறிவித்தவர். மற்றொரு கித்தார் கலைஞர் ரிச்சி பாக்னர், 2021 இல் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இதயப் பெருநாடி வெடித்து உயிர்தப்பியவர். இவற்றை அறியாது கேட்பவன் இளைஞர்களின் இசை என்றே எண்ணுவான். பாடல்கள் செறிவானவை, வீண் நீட்சி குறைவு. மூன்று தொகுதிகளுள் முதலிடம் இதற்கே உரியது.

ஆசிய மண்ணிலும் இவ்விசை வேரூன்றியுள்ளது. டில்லியின் 'பிளட்டிவுட்' குழு 2022 இல் வெளியிட்ட 'ரக்ஷக்' தொகுதியில் டோலும் புல்லாங்குழலும் கித்தாரோடு இணைகின்றன. பெண்களுக்கு இழைக்கப்படும் வன்கொடுமை, மனச்சோர்வு, மதத்தைக் காட்டிப் பிரிக்கும் அரசியல் ஆகியவற்றைச் சாடும் பாடல்கள் அவை. 2025 இல் வந்த 'நியூ டெல்லி' எட்டுப் பாடல்களே கொண்டது. தாளிதத்தின் பெயரைத் தாங்கிய பாட்டும் அதில் உண்டு. முன்னதன் அறச்சீற்றம் பின்னதில் சற்றுத் தணிந்து விளையாட்டு மிகுந்தது எனலாம். சிங்கப்பூரில் 1992 இல் தோன்றிய 'ருத்ரா' குழுவில் கதிர், சிவா எனத் தமிழ்ச் செவிக்குப் பழகிய பெயர்களே முன்னிற்கின்றன. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற பெயரில் மூன்று தொகுதிகளாக வேதாந்தக் கருத்துகளையே அவர்கள் இடிமுழக்கமாக்கினர். கொழும்பின் 'ஸ்டிக்மாட்டா' 2003 முதல் 2015 வரை பல தொகுதிகளை அளித்து, இலங்கையிலும் இவ்விசைக்கு ஓர் இடம் தேடித் தந்தது.

இரசிகர்களின் தீர்ப்புக்கு வலிமையும் உண்டு. 2008 இல் மெட்டாலிக்காவின் 'டெத் மாக்னெடிக்' வெளிவந்தபோது, ஒலியின் ஏற்ற இறக்கத்தை நசுக்கி எல்லாவற்றையும் ஒரே உச்சத்தில் பதிந்திருந்தனர். ஆயிரக்கணக்கான இரசிகர்கள் மீண்டும் ஒலிக்கலவை செய்யுமாறு விண்ணப்பம் எழுதினர். இரைச்சலை விரும்புவோர் என்று ஏளனம் செய்யப்பட்டவர்களே இரைச்சல் மிகுந்தது என்று முறையிட்டனர்! மௌனத்தின் அருமை அறிந்தவனுக்கே முழக்கத்தின் அருமை தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

செவிக்கும் ஓர் எல்லை உண்டு. வாரத்தில் 40 மணி நேரம் கேட்போர் சராசரி 80 டெசிபெல் அளவைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒலி மூன்று டெசிபெல் உயரும்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகின்றது. காதுக்குள் பொருத்தும் கருவியை முழு அளவில் திருகிவைக்கும் இளைஞன், முதுமையில் தான் விரும்பிய இசையையே கேட்க இயலாதவன் ஆவான். தாயின் கண்டனத்தில் உள்ள உண்மை இது.

மகனிடம் உள்ள உண்மைக்கும் சான்று அண்மையிலேயே உளது. வண்ணாத்திவில்லுக்குத் தெற்கே, புத்தளம் நகரை அடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொணரப்பட்டோரின் மரபினர். அவர்கள் பாடும் 'மஞ்சா' இசை, மேளத்தோடும் சிரட்டையோடும் கண்ணாடிக் குவளையைத் தட்டும் கரண்டியோடும் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வேகம் ஏறி உச்சத்தில் முழங்கும். அவர்தம் போர்த்துக்கேயக் கலப்புமொழி நாளாந்தப் பேச்சிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டது. பாட்டில் மட்டும் உயிர்வாழ்கின்றது. நாடிழந்து மொழியிழந்த மக்களுக்குத் தாளமொன்றே தாயகமாய் நின்றது. வெளியிலிருந்து கேட்பவனுக்கு ஆரவாரம். உள்ளிருந்து கேட்பவனுக்கு மூதாதையரின் குரல்.

பிளாக் சபத் குழுவினர் 2025 ஜூலை 5 ஆம் நாள் தம் பிறந்த நகராகிய பர்மிங்ஹாமில் இறுதியாக மேடையேறினர். நோயால் நிற்க இயலாத பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் ஆசனத்தில் அமர்ந்தவாறே பாடினார். பதினேழு நாட்களின் பின், 76 ஆவது வயதில் மறைந்தார். ஆலைத் தொழிலாளரின் மக்கள் எழுப்பிய ஓசை அரை நூற்றாண்டில் உலகைச் சுற்றிவந்து புத்தளக் கரையையும் எட்டிவிட்டது.

திண்ணையில் அமர்ந்த மகன் ஒலியைச் சற்றுத் தாழ்த்தலாம். தாய் சற்று அருகே வந்து அமரலாம். மகன் தான் தேர்ந்த ஒரு பாட்டைத் தாய்க்குக் கேட்கச் செய்து, அஃது எதனால் நன்று என்று சொல்லக் கற்றுக்கொள்ளலாம். தாய் தன் இளமையில் பெரியோர் வெறுத்த பாட்டொன்றை அவனுக்கு நினைவூட்டலாம். பிடித்தது என்று சொல்வது எளிது. ஏன் பிடித்தது என்று காரணம் காட்டுவதே இரசனை. அக்காரணத்தைப் பொறுமையோடு கேட்பதும் அதே இரசனையின் மறுபாதி.