நகோயா சம்பளமும் நம்மூர்க் கடனும்

சென்ற மாதம் ஊர்ச் சகோதரி ஒருவர் காணி உறுதியோடு என் கடைக்கு வந்தார். மகன் நகோயாவில் ஜப்பான் மொழி படிக்கப் போகிறானாம். 15 இலட்சம் ரூபா தேவை, உறுதியை எங்கே ஈடு வைக்கலாம் என்று கேட்டார். "பகுதிநேர வேலை செய்து மாதம் 50,000 ரூபா அனுப்புவான் நானா, ஏஜென்ட் அப்படித்தான் சொன்னார்" என்றார்.

வாகன ஏற்றுமதி யார்ட் ஒன்றில் வேலை செய்து இரண்டு வருடம் நகோயாவில் குடியிருந்தவன் நான். வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் போய்வந்தேன். ஆகவே பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதையே இங்கே தருகிறேன்.

நகோயா அமைந்திருக்கும் ஐச்சி மாகாணத்தில் 2025 ஒக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 1,140 யென் ஆக்கப்பட்டது. மாணவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணித்தியாலம் வரையே வேலை செய்யலாம். நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணித்தியாலம். சாதாரண மாதத்தில் கைக்கு வருவது சுமார் 138,000 யென். மீறினால் விசா புதுப்பிப்பது கஷ்டமாகிவிடும்.

இனிச் செலவு. முதல் வருடக் கல்விக் கட்டணத்தைப் போகும் முன்பே கட்டச் சொல்வார்கள். கடன் வாங்குவதே அதற்குத்தான். அடுத்த வருடத்துக்குச் சுமார் 750,000 யென் என்றால் மாதம் 62,500 ஒதுக்க வேண்டும். நண்பர்களோடு பகிரும் அறைக்கு 25,000, சாப்பாட்டுக்கு 25,000, மின்சாரம், கேஸ், தண்ணீர், தொலைபேசிக்கு 12,000, போக்குவரத்துக்கும் சுகாதாரக் காப்புறுதிக்கும் 7,000. எஞ்சுவது 6,500 யென். யென்னுக்கு 2 ரூபா என்று வைத்தாலும் 13,000 ரூபாதான். 50,000 எங்கிருந்து வரும்?

அதற்காக நகோயாவில் சிறிய வருமானத்தில் வாழ முடியாது என்று சொல்லவில்லை. நாங்கள் வாழ்ந்தோம். வேலைக்கும் ஜும்ஆவுக்கும் சைக்கிள்தான். இரவானதும் சுப்பர் மார்க்கட்டில் மீன், மரக்கறிக்குப் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த நேரம் பார்த்துப் போவோம். மொத்த விலைக் கடையில் பிரேசில் ஹலால் கோழி மலிவு. நால்வர் சேர்ந்து ஒரே சட்டியில் சமைத்தோம். காப்புறுதி இருந்தால் வைத்தியச் செலவில் 30 வீதம்தான் நம் கையிலிருந்து. ஆனால் 2025இல் 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியது. சோறு தின்னும் நமக்கு அது பெரிய அடி.

வாயைக் கட்டினாலும் தப்ப முடியாத செலவுகளும் உண்டு. வீடு எடுக்கும்போது முற்பணத்தோடு, வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் என்று ஒன்றைப் பல இடங்களில் கேட்பார்கள். அது திரும்பி வராது. குடியிருப்பு வரி முந்திய வருட உழைப்பைப் பார்த்துப் போடப்படுவது. முதல் வருடம் ஒன்றும் வராததால் வரியே இல்லை என்று நினைத்து, மிஞ்சியதையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த ஜூனில் துண்டு வந்தது. அதைக் கட்ட நண்பனிடம் கைமாற்று வாங்கினேன்.

சிக்கனம் ஒருவனைக் காப்பாற்றும். ஆனால் கடனுக்குச் சிக்கனம் தெரியாது. அது திகதிக்கு வந்து நிற்கும். அப்போதுதான் பிள்ளைகள் 28 மணித்தியாலத்தை மீறுகிறார்கள், வகுப்பில் தூங்குகிறார்கள், கடைசியில் விசாவையும் இழக்கிறார்கள்.

வேறு வழியும் உண்டு. குறித்த திறன் தொழிலாளர் விசாவுக்கு 2019இல் இலங்கையும் ஜப்பானும் உடன்படிக்கை செய்தன. மொழிப் பரீட்சையும் தொழிற் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டும். கல்விக் கட்டணம் இல்லை, முழுநேரச் சம்பளம். வாரம் 40 மணித்தியாலம் என்றால், குறைந்தபட்சக் கூலியிலேயே கழிவுகளுக்கு முன் மாதம் சுமார் 197,000 யென்.

சகோதரி பில் தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டார். மறுநாள் மகனே வந்தான். முகத்தில் கோபம் இருந்தது. "மாமா, பரீட்சைக்கு ஒரு வருடம் போகுமே" என்றான். "போகட்டும் மகன், உம்மாவின் காணி போகக் கூடாது" என்றேன். பதில் சொல்லவில்லை. ஆனால் உறுதி இன்னும் அவர்கள் வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது.