படிக்கிற டாக்டர் கண்ணில் கை வைக்கலாமா?

போன மாதம் என் வைத்தியசாலைக்கு ஓர் அம்மா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வலது கண்ணில் புரை முற்றி, கண்மணி பால் மாதிரி வெளுத்திருந்தது. கையைப் பிடித்து அழைத்து வந்த மகள் சொன்னார்: "ஐயா, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துட்டாங்க. ஆனா செய்யப்போறது படிச்சுக்கிட்டிருக்கிற டாக்டராம். அம்மா கண்ணுலதான் பழகணுமா? நீங்களே ஒரு சொட்டு மருந்து கொடுத்துக் கரைச்சிடுங்களேன்."

முதலில் மருந்து விஷயத்தை முடித்துவிடுகிறேன். நான் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். கண் நோய்களை 96 என்று வகுத்த மரபு எங்களுடையது. ஆனாலும் ஒளிக்காமல் சொல்கிறேன். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு திரும்பவும் தெளியுமா? கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போனாலும் அப்படித்தான். சொட்டு மருந்தாலும் தெளியாது, லேகியத்தாலும் தெளியாது. சுசுருதர் காலத்திலேயே இதற்குக் கருவியைத்தான் எடுத்தார்கள். மங்கிய லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிட்டார்கள். இன்று அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். 1949-ல் லண்டனில் டாக்டர் ஹரால்ட் ரிட்லி தொடங்கி வைத்த முறை இது.

சரி, இனி பயத்துக்கு வருவோம்.

'படிக்கிற டாக்டர்' என்றதும் காலேஜ் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, கண் மருத்துவத்தில் மேற்படிப்புப் படிப்பவர் அவர். எம்.எஸ். என்றால் 3 வருஷம். முறையாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் முதல் நாளே மனிதக் கண்ணைத் தொட விடமாட்டார்கள். ஆட்டுக் கண்ணிலும் மாதிரிக் கண்ணிலும் தையல் போட்டுப் பழக வேண்டும். பிறகு ஆசிரியர் செய்யும் ஆபரேஷனில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் செய்வார். அது கைவந்த பிறகு அடுத்த கட்டம். இப்படிப் படிப்படியாக ஏறித்தான் முழு ஆபரேஷனுக்கு வருவார். ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்பில் இரண்டாவது ஜோடிக் கண்ணாடி உண்டு. மாணவர் பார்ப்பதை ஆசிரியரும் அதே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். கை தடுமாறினால் கருவியை வாங்கிக்கொள்வார்.

ஆபத்தே இல்லையா? உண்டு. லென்ஸைச் சுற்றி ஒரு மெல்லிய பை இருக்கிறது. அதன் பின்பக்கத் தோல் நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அது கிழிந்தால் பின்னாலிருக்கும் கூழ் முன்னே வரும். செயற்கை லென்ஸ் வைப்பதும் சிரமமாகும். அனுபவசாலி கையிலும் எப்போதாவது கிழியும். பழகுகிறவர் கையில் சற்று அதிகமாகவே கிழியும். உடனே மூத்தவர் கையில் எடுத்துச் சரி செய்தால், பெரும்பாலான கண்களில் நல்ல பார்வையே கிடைக்கும். ஆகவே, யார் செய்கிறார் என்பதோடு பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பாருங்கள்.

பழகாமல் கை வராது என்பதற்கு மதுரையிலேயே உதாரணம் உண்டு. 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, இளவயதில் மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கருவி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தார்.

தேதி கொடுத்தவுடன் நீங்கள் கேட்க வேண்டியவை இவை:

1. ஆபரேஷன் செய்யப்போவது யார்? இதுவரை தனியாக எத்தனை செய்திருக்கிறார்?

2. மூத்த டாக்டர் அதே மேஜையில், முடியும்வரை இருப்பாரா?

3. என் கண்ணில் தனிச் சிக்கல் ஏதாவது உண்டா?

கேட்பது உங்கள் உரிமை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மரியாதையாகக் கேளுங்கள். மனசு ஒப்பவில்லையென்றால், மூத்தவரே செய்யட்டும் என்று சொல்லலாம்.

சில கண்களுக்கு அப்படிச் சொல்லியே ஆக வேண்டும். மிகவும் முற்றி இறுகிய புரை, முன்பு அடிபட்ட கண், சொட்டு மருந்து விட்டும் விரியாத கண்மணி, இன்னொரு கண்ணில் பார்வையே இல்லாதவர் – இவை பழகுவதற்கான கண்கள் அல்ல.

பயந்துபோய்த் தள்ளிப்போடுவதும் தப்பு. புரை அளவுக்கு மீறி முற்றினால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி, வலியோடு பார்வை நரம்பே கெட்டுப்போகும். ஆபரேஷனுக்குப் பிறகு அவர்கள் கொடுத்த சொட்டு மருந்து மட்டும்தான். தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய், எங்கள் இளநீர்க்குழம்பு எதுவும் வேண்டாம். வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த அம்மா கதை என்ன ஆயிற்று? பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. இருப்பது ஒரே கண்! "உங்க பயத்துல நியாயம் இருக்கும்மா. ஆனா ஆபரேஷனை விட்டுடாதீங்க. இதைச் சொல்லி, பெரிய டாக்டரே செய்யணும்னு கேளுங்க" என்று அனுப்பினேன். கேட்டார்கள். பெரிய டாக்டர் தானே செய்தார். மாணவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்.

போன வாரம் அந்த அம்மா மகள் கையைப் பிடிக்காமல் படியேறி வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வைத்தியரே, உங்களுக்கு இவ்வளவு நரைச்சிருக்கா?" என்றார்.

நரையைச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? எனக்கு அன்று பிடித்தது.