ஏரிக்கரையில் ஒரு வீடு: மனை வாங்குமுன் காண வேண்டிய மூன்று கோடுகள்

ஓய்வுக்காலத்தையோ விடுமுறை நாட்களையோ நீர்நிலை ஒன்றின் அருகே கழிக்க வேண்டும் என்ற விருப்பம் பலருக்கும் உண்டு. பெங்களூருவின் புறநகர் ஏரிகள், மகாராஷ்டிரத்தின் பவனா, முல்ஷி நீர்த்தேக்கங்கள், கேரளத்தின் வேம்பநாட்டுக் காயல், உத்தராகண்டின் பீம்தால், நௌகுசியாதால் போன்ற இடங்களில் 'ஏரியைத் தொட்ட மனை' என்ற விளம்பரத்துடன் நிலங்கள் விற்பனைக்கு வருகின்றன. நகரத்தில் வீட்டுக்கடனை அடைத்து முடித்தவர்களும், பணி ஓய்வுத் தொகை கைக்கு வந்தவர்களும், வெளிநாட்டில் பணிபுரிவோரும் இவற்றை நாடுகின்றனர்.

வாழ்நாள் சேமிப்பின் பெரும்பகுதியை இவ்வாறு முதலீடு செய்யுமுன் ஓர் அடிப்படை வேறுபாட்டை உணர்ந்துகொள்வது நல்லது. சாதாரண மனையின் நான்கு எல்லைகளும் நிலையானவை. அவை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். ஏரிக்கரை மனையின் ஓர் எல்லை நீர். அது கோடையில் விலகும், மழைக்காலத்தில் நெருங்கும். நீரை நெருங்க நெருங்க மனையின் விலை ஏறுகிறது. அதில் கட்டடம் எழுப்பும் உரிமையோ குறைகிறது. ஆகவே வாங்குபவர் நிலத்தின் மேல் மூன்று கோடுகளை வரைந்து பார்க்க வேண்டும்.

முதல் கோடு: பொது நிலம் முடியும் இடம்

ஏரி, குளம், அவற்றின் கரை, நீர்வரத்துக் கால்வாய் ஆகியவை பெரும்பாலும் அரசுக்கோ ஊராருக்கோ உரியவை. கோடையில் நீர் வற்றியபின் தெரியும் படுகையைக் காட்டி, அதுவும் மனையின் பகுதியே என்று விற்பவர் சொல்லக்கூடும். அணைக்கட்டு நீர்த்தேக்கங்களில் இந்த ஆபத்து அதிகம். அணை கட்டப்பட்டபோது நீரில் மூழ்கும் பகுதிக்காக அரசு கையகப்படுத்திய நிலம், நீர் தாழ்ந்திருக்கும் மாதங்களில் வெறும் புல்வெளியாகக் காட்சி தரும். அது விற்பனைக்கு உரியதன்று.

இவ்விஷயத்தில் நீதிமன்றங்களின் நிலைப்பாடு உறுதியானது. குளங்கள் சமுதாயத்தின் பொதுச் சொத்து என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீண்டகால அனுபவமோ, கட்டடத்துக்குச் செலவிட்ட பெருந்தொகையோ, பொது நிலத்தின் ஆக்கிரமிப்பை நியாயப்படுத்தாது என்று 2011-இல் மீண்டும் வலியுறுத்தியது. 'இருபது ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை' என்ற விற்பனையாளரின் உறுதிமொழிக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை.

இக்கோட்டைக் கிரயப் பத்திரத்தில் மட்டும் தேடக் கூடாது. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே விற்பவருக்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. கிராம வரைபடம், புல அளவை வரைபடம், வருவாய்த்துறைப் பதிவேடு ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். கர்நாடகத்தில் 'பி கராப்' என்று குறிக்கப்பட்ட பரப்பு பொதுப் பயன்பாட்டுக்கு உரியது. கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தயாரிக்கப்பட்ட தரவுப் பட்டியலில் அந்த நிலம் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது. மகாராஷ்டிரத்தில் 'சாத் பாரா' எனப்படும் 7/12 பதிவேட்டுடன், நீர்வளத்துறை கையகப்படுத்திய எல்லையையும் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாம் கோடு: நீர் உச்சமாக ஏறும் இடம்

மனையைப் பார்க்கப் பெரும்பாலோர் செல்வது கோடை விடுமுறையில். நீர் மிகத் தாழ்ந்திருக்கும் காலம் அது. மழைக்காலத்தின் முடிவில் ஒருமுறை சென்று பார்ப்பதும், சுற்றுப்புறத்தில் நெடுநாள் வசிப்பவர்களிடம் பெருவெள்ள ஆண்டுகளில் நீர் எதுவரை வந்தது என்று கேட்பதும் பயன் தரும். பழைய மதகு, கோயில் படி, வீட்டுச் சுவரில் படிந்த கறை ஆகியவையும் சான்றுகளே.

நீர் ஏரியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஏரிக்குச் செல்லும் வழியிலிருந்தும் வரும். 2022 செப்டம்பரில் பெங்களூருவின் கிழக்குப் பகுதியில் ஏரிகள் நிரம்பி வழிந்தபோது, விலை உயர்ந்த வில்லாக் குடியிருப்புகளில் வசித்தவர்களும் படகிலும் டிராக்டரிலும் ஏறி வெளியேற நேர்ந்தது. ஆகவே மனைக்கு மேற்புறம் உள்ள ஏரி எது, அதன் உபரி நீர் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் கோடு: கட்டடம் தொடங்கக்கூடிய இடம்

நிலம் முழுவதும் நமக்கே உரியதாக இருந்தாலும், நீரருகே கட்டடம் கட்டச் சட்டம் அனுமதிக்காத ஒரு பட்டை உண்டு. அதன் அகலம் நீர்நிலையின் வகையைப் பொறுத்து மாறும்.

அறிவிக்கை செய்யப்பட்ட ஈரநிலங்களுக்கும், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் வரும் ஈரநிலங்களுக்கும் 2017-ஆம் ஆண்டு மத்திய அரசின் ஈரநில விதிகள் பொருந்தும். விதிகள் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர நிலையான கட்டுமானம் எதையும் எழுப்பக் கூடாது. பாசனத்துக்கென்றோ குடிநீருக்கென்றோ மனிதர் அமைத்த நீர்நிலைகள் இவ்விதிகளுக்குள் வருவதில்லை. அவற்றுக்கு மாநிலச் சட்டங்களும் நகரத் திட்ட விதிகளும் உண்டு.

இந்த விதிகள் மாறக்கூடியவை. பெங்களூருவில் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதால், நகரின் பெருந்திட்டத்தில் இருந்த 30 மீட்டர் அளவே மீண்டும் நிலைபெற்றது. எனவே பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்கிறார் என்பது ஆதாரமாகாது. அனுமதி வழங்கப்படும் நாளில் நடப்பிலுள்ள விதியே நம்மைக் கட்டுப்படுத்தும்.

கேரளத்தின் காயல்களில் இன்னொரு நுட்பம் உண்டு. பார்வைக்கு அவை ஏரி போலவே தோன்றும். ஆனால் கடலின் ஏற்றவற்றம் அவற்றில் உணரப்படும் பகுதிகளுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். இதை அறியாமையின் விலை எவ்வளவு பெரிது என்பதைக் கொச்சி அருகேயுள்ள மரடு உணர்த்தியது. அங்கே காயலோரம் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அன்றைய ஊராட்சி 2006-இல் கட்டட அனுமதி வழங்கியிருந்தது. கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை. அவற்றை அகற்ற உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் நான்கு வளாகங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீட்டு உரிமையாளர்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிடப்பட்டது. அவர்களிடம் பதிவுசெய்த பத்திரமும் உள்ளாட்சி அனுமதியும் வரி ரசீதும் இருந்தன. இல்லாதது ஒரே ஓர் ஒப்புதல்.

கோடுகளைக் கணக்காக்கிப் பார்த்தால்

ஈரநில விதிகள் பொருந்தும் ஓர் ஏரியை ஒட்டி 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் கொண்ட மனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பரப்பு 1,200 சதுர மீட்டர்; விலை 60 லட்சம் ரூபாய். அதாவது சதுர மீட்டர் 5,000 ரூபாய். உச்ச வெள்ள மட்டம் மனையின் ஏரிப்புற எல்லையோடு முடிகிறது எனில், அங்கிருந்து 50 மீட்டர் கழிந்துவிடும். கட்டுவதற்கு எஞ்சுவது சாலையோரம் உள்ள 10 மீட்டர் ஆழம், 200 சதுர மீட்டர். இதன்படி கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு நாம் தரும் விலை 30,000 ரூபாய். முன்புறமும் இரு பக்கங்களிலும் தலா 3 மீட்டர் இடம் விட வேண்டுமானால் கட்டடத்துக்குக் கிடைப்பது 98 சதுர மீட்டரே. வெள்ள மட்டம் மனைக்குள் 10 மீட்டர் ஏறி வருமானால் கட்டுவதற்கு ஒரு சதுர மீட்டரும் மிஞ்சாது.

இத்தகைய மனையை வாங்கவே கூடாது என்பது இதன் பொருளன்று. தோட்டத்துக்கும் காட்சிக்கும் விலை தர விரும்புவோர் தரலாம். எதற்கு விலை தருகிறோம் என்பது பேரம் பேசுமுன் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்கும் தகுதி

நிலம் சரியாக இருந்தாலும் வாங்குபவருக்கு அதை வாங்கும் தகுதி இருக்க வேண்டும். இமாசலப் பிரதேசத்தில் விவசாயி அல்லாதவர் நிலம் வாங்க 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆவது பிரிவின்படி அரசின் அனுமதி தேவை. மகாராஷ்டிரத்தில் விவசாய நிலத்தைப் பொதுவாக விவசாயி மட்டுமே வாங்க இயலும். உத்தராகண்டில் வெளிமாநிலத்தவர் நிலம் வாங்குவதற்கான கட்டுப்பாடுகள் அண்மையில் மேலும் இறுக்கப்பட்டுள்ளன.

வெளிநாடுவாழ் இந்தியர்கள் விவசாய நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. ஏரிக்கரை மனைகளில் பல, 'பண்ணை மனை' என்ற பெயரில் விவசாய நிலமாகவே விற்கப்படுகின்றன என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். மனைப்பிரிவின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டிருந்தால், அது மாநில மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியுள்ளதா என்று ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

கடனும் வரியும்

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி வீட்டுக்கடன், 30 லட்சம் ரூபாய் வரை சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 விழுக்காடும், 75 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும் வழங்கப்படலாம். மனைக்கு மட்டும் தரப்படும் கடனில் வாடிக்கையாளரின் பங்கு பொதுவாக இதைவிடக் கூடுதலாக இருக்கும். மனைக்கும் கட்டுமானத்துக்கும் சேர்த்துப் பெறும் கடனில், குறித்த காலத்துக்குள் வீட்டைக் கட்டத் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கட்டுமானத் தொகை வேலையின் முன்னேற்றத்துக்கேற்பப் படிப்படியாக விடுவிக்கப்படும். எனவே கட்ட முடியாத மனை கடன் கணக்கையும் சிக்கலுக்கு உள்ளாக்கும்.

வங்கியின் வழக்கறிஞர் கருத்தும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் வங்கியின் ஈட்டைப் பாதுகாப்பதற்காகப் பெறப்படுபவை. அவை வாடிக்கையாளருக்குத் தரப்படும் உத்தரவாதம் அல்ல. கட்டடம் இடிக்கப்பட்டாலும் மாதத் தவணை நிற்காது. ஆகவே தமக்கென ஒரு வழக்கறிஞரையும் உரிமம் பெற்ற நில அளவையரையும் அமர்த்திக்கொள்வது வீண்செலவன்று.

மனைக்கடனுக்கு மட்டும் வருமான வரிச் சலுகை இல்லை. வீடு கட்டி முடிந்தபின், பழைய வரி முறையைத் தேர்ந்தவர்கள் வட்டிக்குக் கழிவு கோரலாம். சொந்தக் குடியிருப்பாகக் காட்டப்படும் இரண்டு வீடுகளுக்கும் சேர்த்தே ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரம்பு என்பதால், நகர வீட்டுக்கு அதை முழுதும் பயன்படுத்துபவருக்கு ஏரிக்கரை வீட்டால் கூடுதல் சலுகை கிடைக்காது.

கட்டும்போது

ஏரிக்கரை மண் பெரும்பாலும் வண்டலும் களிமண்ணும் கலந்தது. நீரில் உப்பி, வெயிலில் சுருங்கக்கூடியது. மண் பரிசோதனை செய்யாமல் அடித்தளம் தோண்டக் கூடாது. தரம் குறைந்த மண்ணில் தூண் அடித்தளம் தேவைப்படலாம். அதன் செலவை மனையின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். வீட்டின் தரைமட்டம் அறியப்பட்ட உச்ச வெள்ளத்துக்கு மேல் அமைய வேண்டும். மண்ணைக் கொட்டிக் கரையை உயர்த்துவது பல இடங்களில் குற்றம். நமக்கு வர வேண்டிய நீரை அது அயலார் வீட்டுக்குத் திருப்பும்.

கழிவுநீரை முதல் வரைபடத்திலேயே திட்டமிட வேண்டும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. கழிவு நேரே ஏரியில் கலக்கும். எந்த நீருக்காக அங்கே குடியேறுகிறோமோ அந்த நீரே கெட்டுவிடும். பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு உருவாக்கிய உயிரிச் செரிப்பான் போன்ற மூடிய அமைப்புகளைப் பொறியாளரிடம் கேட்டறியலாம்.

காப்பீட்டில், 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' திட்டம் வெள்ளத்தையும் நிலச்சரிவையும் உள்ளடக்கியது. அரசு ஆணைப்படி கட்டடம் அகற்றப்பட்டால் அந்த இழப்பு அதில் சேராது. நெடுநாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கான நிபந்தனைகளையும் படித்துப் பார்த்து, தேவையெனில் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

முன்பணம் தருமுன்

முன்பணம் கொடுக்கும் நாளுக்கு முன்பே வாடிக்கையாளர் செய்யத்தக்கவை ஐந்து:

1. மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் மனையைப் பார்த்தல்.
2. முப்பது ஆண்டு மூலப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றிதழையும் பெற்று, கிராம வரைபடத்துடன் ஒப்பிடல்.
3. நில அளவையரைக் கொண்டு மூன்று கோடுகளையும் ஒரே வரைபடத்தில் குறிக்கச் செய்தல்.
4. உள்ளாட்சியிடம் மட்டுமன்றி, ஈரநில ஆணையம், கடற்கரை மண்டல ஆணையம், நீர்வளத்துறை ஆகியவற்றில் எது பொருந்துமோ அதனிடமும் எழுத்துமூலப் பதில் பெறுதல்.
5. கட்டட அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும் என்ற விதியை விற்பனை ஒப்பந்தத்தில் சேர்த்தல்.

ஐந்தாவதை விற்பவர் மறுத்தால், அம்மனையைப் பற்றி அவர் அறிந்ததை அந்த மறுப்பே தெரிவித்துவிடும். மூன்று கோடுகளும் குறிக்கப்பட்ட வரைபடத்துடன் கிளை மேலாளரைச் சந்தித்தால், கடன் பற்றிய பேச்சு சுருக்கமாகவும் தெளிவாகவும் அமையும்.