டிஷ் பெட்டியின் பூட்டும் திறப்பும்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாகப் போகும் பிரதான வீதியில் சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரைத் தாண்டினாலும் கூரைகளுக்கு மேல் டிஷ்கள் தெரியும். உப்புக்காற்று பட்டு அவற்றின் இரும்புக் கால்கள் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். மாரி மழை அடித்துப் பெய்யும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும். டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீற்றர்தான். அவ்வளவு குறுகிய அலையைக் கனத்த மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. டிஷ்ஷின் வேலை அந்த அலையைத் திரட்டிக் கம்பி வழியே கீழே அனுப்புவது மட்டுமே. நாம் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்பதைத் தீர்மானிப்பது டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி. அது எப்படித் தீர்மானிக்கிறது என்று தெரிந்துகொண்டால், மாதாமாதம் கட்டும் காசைப் பற்றிய ஒரு கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்: விரும்பிய அலைவரிசைக்கு மட்டும் காசு கட்டினால் போதாதா? போதும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அது நியாயமாக நடக்க இரண்டு மூன்று விதிகள் கட்டாயம் வேண்டும். அவை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்தியா ஏற்கெனவே அனுபவித்துப் பார்த்துவிட்டது.

முதலில் பெட்டி. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றும் செய்மதியிலிருந்து ஒளிபரப்பு வருகிறது. படமும் ஒலியும் 188 பைட் நீளமுள்ள சிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வரும். ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் 13 பிட் நீளமான ஓர் அடையாள எண் இருக்கும். ஒரே மீடிறனில் பல அலைவரிசைகள் கலந்து வந்தாலும், அந்த எண்ணைப் பார்த்து வேண்டியதைப் பொறுக்கி எடுத்து ஒட்டுவது பெட்டியின் முதல் வேலை. இங்கே பலரும் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. நீங்கள் காசு கட்டிய அலைவரிசை, கட்டாத அலைவரிசை என்று செய்மதி பிரித்து அனுப்புவதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லப்படும் பாங்கு ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்பதுபோல, நிறுவனத்தின் அத்தனை அலைவரிசைகளும் ஒவ்வொரு வீட்டு டிஷ்ஷிலும் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. கட்டண அலைவரிசைகள் மட்டும் கலைத்துப் பூட்டப்பட்ட நிலையில் வருகின்றன.

அந்தப் பூட்டைத் திறக்கும் திறப்பு ஓர் எண். அது சில வினாடிகளுக்கு ஒருமுறை, பொதுவாகப் பத்து வினாடியளவில், மாறிக்கொண்டே இருக்கும். புதிய திறப்பும் மறைகுறியாக்கப்பட்டு, படத்தோடு கூடவே வந்து சேரும். அதை விடுவித்துப் பெட்டிக்குக் கொடுப்பது, பெட்டியில் செருகியிருக்கும் அட்டையின் பொன்னிறச் சில்லு; அட்டை இல்லாத பெட்டிகளில் உள்ளேயே பதித்த ஒரு சில்லு. இந்த அட்டைக்கு இந்த அலைவரிசையைப் பார்க்கும் உரிமை உண்டா என்ற கணக்கு அந்தச் சில்லில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கடையில் ரீலோட் போட்டதும் அந்த ஒரு அட்டையின் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு சிறு கட்டளை வானிலிருந்து வருகிறது. அட்டை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. இருட்டாக இருந்த திரையில் படம் வந்துவிடுகிறது. காசு தீர்ந்தால் எதிர்க் கட்டளை. நெடுங்காலம் மின்சாரம் துண்டித்து வைத்த பெட்டி உடனே திறக்காமல் அடம்பிடிப்பதும் இதனால்தான்: கட்டளை வந்த வேளையில் கேட்க அது விழித்திருக்கவில்லை, மறுபடி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஸ்ரீலங்கா டெலிகொம்மின் பியோ டிவி போலக் கம்பிவழி வரும் சேவையில் நிலைமை இன்னும் தெளிவு. அங்கே நீங்கள் ரிமோட்டில் தெரிவுசெய்த அலைவரிசை மட்டுமே உங்கள் வீட்டுக் கம்பியில் பயணிக்கிறது.

இந்தப் பொறிமுறையிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று பாவனையாளர் பக்கம், மற்றது நிறுவனத்தின் பக்கம். ஒரே ஓர் அலைவரிசையை ஒரே ஒரு வீட்டுக்குத் திறந்துவிட ஒரு கட்டளை போதும். ஆகவே, தனித்தனியாக விற்பது தொழில்நுட்பத்தில் சாத்தியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதேவேளை, நீங்கள் நாற்பது அலைவரிசைகளை வேண்டாம் என்று விட்டாலும் செய்மதி வாடகையோ, பெட்டியின் விலையோ, பழுது பார்ப்பவரின் சம்பளமோ ஒரு சதம்கூடக் குறையாது. குறையக்கூடியது, அந்த அலைவரிசைகளின் உரிமையாளருக்கு உங்கள் வீட்டுக் கணக்கில் நிறுவனம் செலுத்தும் பங்கு மட்டுமே. எனவே நேர்மையான பற்றுச்சீட்டில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும்: அலையைக் கொண்டுவந்து சேர்க்கும் கூலி ஒன்று, ஒவ்வோர் அலைவரிசையின் விலை மற்றொன்று. பொதி என்ற ஒற்றைத் தொகைக்குள் இரண்டையும் கலந்துவிட்டால் எதற்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று பாவனையாளருக்குத் தெரியாது.

பொதியாக விற்பதை ஆதரிப்பவர்களின் வாதம் வலுவானது. அதை ஒழுங்காகக் கேட்டாக வேண்டும். இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டார் கிரிக்கெட்டுக்கு 500 ரூபாவும் நாடகத்துக்கு 200 ரூபாவும் கொடுக்கத் தயார். இரண்டாம் வீட்டார் நாடகத்துக்கு 500, கிரிக்கெட்டுக்கு 200. தனித்தனியாக 500 ரூபாவுக்கு விற்றால் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள். நிறுவனத்துக்கு 1,000 ரூபா. தலா 200 ரூபாவுக்கு விற்றால் இருவரும் இரண்டையும் வாங்குவார்கள்; கிடைப்பது 800. இரண்டையும் கட்டி 700 ரூபாவுக்குக் கொடுத்தால் இருவருமே வாங்குவார்கள். நிறுவனத்துக்கு 1,400, இரண்டு வீட்டிலும் இரண்டும் ஓடும். கூடுதல் வீட்டுக்குக் காட்டக் கூடுதல் செலவில்லாத பொருளில் இது உண்மையிலேயே கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் இப்போது மூன்றாவது வீடு ஒன்றைச் சேர்ப்போம். அவர்கள் நாடகத்துக்கு 300 கொடுப்பார்கள். கிரிக்கெட் அவர்களுக்கு ஒரு சதமும் பெறாது. அவர்களுக்காக நாடகத்தைத் தனியாக 300 ரூபாவுக்கு விற்றால் என்ன? இரண்டாம் வீட்டாரும் 700 ரூபாப் பொதியை விட்டுவிட்டு 300 ரூபா நாடகத்துக்கு இறங்கிவிடுவார்கள். மொத்த வரவு 1,300 ஆகிவிடும். மூன்றாம் வீட்டை வெளியே நிறுத்தினால் 1,400. ஆகவே இலாபக் கணக்குப் பார்க்கும் நிறுவனம், நாடகத்தின் தனி விலையை வேண்டுமென்றே 500 ரூபாவில் வைத்து, ‘தனியாகவும் கிடைக்கும்’ என்று பலகை போட்டுவிட்டுப் பொதியையே விற்கும். பேருக்கு ஒரு தெரிவு இருக்கும். அதை எடுப்பதால் யாருக்கும் இலாபமில்லை.

கல்முனைக் கரையோரத்தில் அந்த மூன்றாம் வீடுகள் நிறைய உண்டு. சிங்களம், தமிழ், ஆங்கிலம், இந்தி என்று கலந்து வரும் பொதியில் தமிழ் மட்டுமே பேசும் வீட்டுக்குப் பாதிக்கு மேற்பட்டவை வெறும் எண்கள். அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு ஒரு வீட்டுக்குச் சராசரியாக 189 அலைவரிசைகள் வந்தன. பார்க்கப்பட்டவை 17 அளவில்தான் என்று பார்வையாளர் கணக்கெடுப்பு நிறுவனமான நீல்சன் கணக்கிட்டது. ஒரே மொழி பெரும்பான்மையாக உள்ள நாட்டிலேயே அந்த நிலை. இங்கே காலமும் சேர்ந்துகொள்கிறது. நோன்பு மாதத்தில் இஃப்தார், தராவீஹ், ஸஹர் என்று நாள் போகையில் பல முஸ்லிம் வீடுகளில் நாடகமும் சினிமாவும் நின்றுவிடும். மக்காவிலிருந்து வரும் நேரடி ஒளிபரப்பு மட்டும் ஓடும். உலகக் கிண்ணம் வந்தால் விளையாட்டு அலைவரிசை இல்லாமல் சரிப்படாது. முடிந்ததும் அதைத் திரும்பிப் பார்க்க ஆளிருக்காது. வருமானமும் பெரும்போகம், சிறுபோகம், கடல் சீரான மாதங்கள், சீரற்ற மாதங்கள் என்று ஏறி இறங்கும். விருப்பமும் வருமானமும் மாதத்துக்கு மாதம் மாறும் இடத்தில் ஆண்டு முழுவதற்கும் ஒரே பொதி என்பது பொருந்தாத சட்டை.

இந்தியா இதைச் சட்டமாக்கிப் பார்த்தது. ட்ராய் என்று அழைக்கப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 மார்ச்சில் புதிய கட்டண ஆணையை வெளியிட்டது. ஸ்டார் இந்தியாவும் விஜய் டிவியும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 ஒக்டோபர் 30இல் ட்ராய்க்குச் சாதகமாக முடிந்தது. 2019 பெப்ரவரி முதலாம் திகதி முதல் ஒவ்வொரு வீடும் தனக்கு வேண்டியதைக் குறித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது 100 அலைவரிசைகள் வரை கொண்டுவரும் கூலி வரி நீங்கலாக 130 இந்திய ரூபாவாக இருந்தது; அதற்குள் 25 தூர்தர்ஷன் அலைவரிசைகள் கட்டாயமாக இருந்தன. கட்டண அலைவரிசை ஒவ்வொன்றும் தன் விலையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 19 ரூபாவுக்கு மேல் விலை வைத்தால் தொகுப்பில் சேர்க்க முடியாது. நான் மேலே கேட்ட இரண்டு வரிப் பற்றுச்சீட்டு இதுதான். கொள்கையளவில் இதைவிடத் தெளிவான ஏற்பாடு உலகில் குறைவு.

நடந்தது வேறு. சன் டிவி 19, விஜய் 17 என்று பெரிய அலைவரிசைகள் உச்சவரம்பின் அருகிலேயே விலை வைத்தன. முன்னணிப் பத்து அலைவரிசைகளைத் தெரிவுசெய்யும் வீட்டுக்கு மாதக் கட்டணம் 230–240 ரூபாவிலிருந்து ஏறத்தாழ 300 ஆக உயரும் என்றும், ஐந்துக்குள் நிறுத்திக்கொள்பவர்களுக்கே குறையும் என்றும் கிரிசில் என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் கணித்தது. தொகுப்புக்குத் தரும் தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ட்ராய் முதலில் எழுதியிருந்த விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியிருந்தது. அந்த ஓட்டை போதுமானதாயிற்று: தொகுப்புகளுக்கு 70 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்கப்பட்டதாக ட்ராய் தானே 2019இல் சொன்னது. அதாவது, நாடகத்துக்கு 500 என்று பலகை போட்ட கதைதான். பிறகு 2020இல் தொகுப்பில் சேரும் அலைவரிசைக்கு 12 ரூபா வரம்பு, மறுபடி வழக்கு, 2022 நவம்பரில் திரும்பவும் 19 ரூபாவும் 45 சதவீதத் தள்ளுபடி வரம்பும் என்று இழுபறி நீண்டது.

இதைக் காட்டி, தனித்தெரிவு தோற்ற யோசனை என்று சிலர் சொல்கிறார்கள். பொருளியலாளர்கள் கிரெகரி குரோஃபர்டும் அலி யுருகொக்லுவும் 2012இல் வெளியிட்ட ஆய்வையும் துணைக்கு அழைக்கிறார்கள்: அமெரிக்காவில் தனித்தனியாக விற்கச் சொன்னால் அலைவரிசை உரிமையாளர்கள் விநியோக நிறுவனங்களிடம் கேட்கும் தொகை இரட்டிப்பாகும், பாவனையாளருக்குச் சராசரியில் நன்மை ஏதும் மிஞ்சாது என்பது அவர்கள் முடிவு. அந்த முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சராசரியைப் பற்றியது. எல்லாவற்றையும் பார்க்கும் வீடு இழப்பதையும், ஐந்தை மட்டும் பார்க்கும் வீடு பெறுவதையும் கூட்டிக் கழித்தால் பூச்சியம் வரலாம். குறைந்த வருமானமும் ஒற்றை மொழியும் உள்ள வீடு பெரும்பாலும் இரண்டாவது பக்கத்தில்தான் நிற்கிறது. இதுவரை மற்றவர்களின் விருப்பத்துக்குப் பங்கு செலுத்தி வந்ததும் அதுவே. தவிர, உரிமையாளர்கள் விலையை ஏற்றுவதைத் தடுக்கத்தான் உச்சவரம்பு. தள்ளுபடியால் தெரிவைக் கொல்வதைத் தடுக்கத்தான் தள்ளுபடி வரம்பு. இந்தியாவில் சறுக்கியது தெரிவு அல்ல, அந்த இரண்டாவது வரம்பு இல்லாமல் போனதுதான்.

சிறிய அலைவரிசைகள் செத்துவிடும் என்ற கவலை இதைவிடப் பாரமானது. இலங்கையில் தமிழ் நிகழ்ச்சிக்கான சந்தையே சிறியது. அதற்குள் முஸ்லிம்களின் நிகழ்ச்சி, கிழக்கு மாகாணச் செய்தி என்று போனால் இன்னும் சுருங்கும். விரும்பியவர் மட்டும் காசு கட்டட்டும் என்றால் அவை தாங்குமா? இதற்கு விடை, கொண்டுவரும் கூலிக்குள்ளேயே கட்டாயமாகச் சேரவேண்டிய அலைவரிசைப் பட்டியல். இந்தியா தூர்தர்ஷனுக்குச் செய்ததை இங்கே நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற தமிழ் ஒளிபரப்புகளுக்குச் செய்யலாம்; அவை அன்டெனாவில் இலவசமாக வருபவை, விலை கேட்பவை அல்ல. வெளிநாட்டுத் திரைப்பட அலைவரிசையைத் திணித்துத்தான் உள்ளூர்ச் செய்தியைக் காப்பாற்ற முடியும் என்பதில் நியாயமில்லை. பட்டியல் பார்த்துத் தெரிவுசெய்வது வயதானவர்களுக்குக் கஷ்டம் என்பதும் உண்மை. இந்தியாவில் அந்த முதல் மாதங்களில் பெரும் குழப்பமே நடந்தது. பொதியைத் தடைசெய்யச் சொல்லவில்லை. வேண்டியவர் பொதியையே வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பக்கத்தில், எடுக்கத்தக்க தனி விலையும் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

இலங்கையில் இதைக் கேட்கச் சரியான இடம் உண்டு. 2022இல் ரூபா சரிந்தபோது கட்டண டிவிக்கு 25 சதவீத உயர்வை அனுமதித்தது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. அந்த ஆண்டு செப்டெம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த உயர்வில் எவ்வளவு வெளிநாட்டு அலைவரிசைகளுக்கான டொலர், எவ்வளவு உள்ளூர்ச் செலவு என்பது பாவனையாளரின் பற்றுச்சீட்டில் பிரிந்து தெரியவில்லை. பிரித்துக் காட்டப்பட்டிருந்தால், டொலரில் விலைபோகும் அலைவரிசைகளைக் கைவிட்டு அந்தக் கஷ்ட காலத்தைச் சமாளித்திருக்கக்கூடிய வீடுகள் கல்முனைக் கரையெங்கும் இருந்தன; அவை முழு உயர்வையும் கட்டின, இல்லையேல் பெட்டியை அணைத்து வைத்தன. உயர்வை அங்கீகரிக்கும் அதிகாரம் உள்ள ஆணைக்குழு, அடுத்த முறை உயர்வு கேட்டு நிறுவனங்கள் வரும்போது கூலியையும் அலைவரிசை விலையையும் பிரித்து எழுதும்படி நிபந்தனை போடலாம். டயலொக் நிறுவனம் தன் டிஷ் டிவியில் நாட்கணக்கில் கட்டணம் வெட்டும் இணைப்பை ஏற்கெனவே விற்கிறது. நாளைக் கணக்கிட்டு அட்டைக்குக் கட்டளை அனுப்பும் அதே இயந்திரம், அலைவரிசையைக் கணக்கிட்டும் அனுப்பும்.