‘டோக்கியோ டிரிஃப்ட்’: வேகத்தின் கணக்கில் விடுபட்ட செலவு

திரைப்படம் ஒரு விந்தையான பண்டம். நுகர்ந்து முடித்த பிறகுதான் அதன் தரம் தெரியும். விலையையோ முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும். இந்தத் தகவல் இடைவெளியை நிரப்பத் திரையுலகம் கண்டறிந்த எளிய வழிதான் தொடர்ச்சிப் படம். முன்பு பிடித்த கதையும் பழகிய முகங்களும் மீண்டும் கிடைக்கும் என்ற உறுதிமொழியைப் பார்வையாளர் விலை கொடுத்து வாங்குகிறார். தயாரிப்பாளருக்கு அது ஒரு வகைக் காப்பீடு.

அந்தக் காப்பீட்டின் பெரும்பகுதியைக் கைவிட்டு எடுக்கப்பட்ட படம், 2006-இல் வெளிவந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்: டோக்கியோ டிரிஃப்ட்’. தெருப் பந்தயத்தை மையமாகக் கொண்ட இந்த வரிசையின் மூன்றாம் பாகம் இது. முதல் படம் (2001) சுமார் 3.8 கோடி டாலர் செலவில் உருவாகி, உலக அளவில் 20 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இரண்டாம் படம் (2003) அதையும் விஞ்சியது. மூன்றாம் படத்திலோ முதல் இரு படங்களின் நாயகர்கள் முதன்மைப் பாத்திரங்களில் இல்லை. கதைக்களமும் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு மாறியது. சுமார் 8.5 கோடி டாலர் செலவுக்கு வசூல் 16 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. திரையரங்குகளின் பங்கையும் விளம்பரச் செலவையும் கழித்தால், தயாரிப்பு நிறுவனத்துக்கு இது மகிழ்ச்சி தந்த கணக்காக இருந்திருக்க முடியாது.

ஆயினும், பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இந்த வரிசையில் என் கவனத்தை அதிகம் ஈர்த்த படம் இதுதான். அதன் நிறையும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: வேகத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை இப்படம் அறிந்திருக்கிறது, அந்த விலையை யாரெல்லாம் செலுத்துகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் மறந்துவிடுகிறது.

முதலில் நிறைகள். இயக்குநர் ஜஸ்டின் லின் படத்தைத் தொடங்கும் இடமே பொருள் பொதிந்தது. கட்டி முடிக்கப்படாத ஒரு புறநகர்க் குடியிருப்பில், பள்ளி மாணவர்கள் இருவர் காரோட்டி மோதுகிறார்கள். ஒருவன் வசதி படைத்தவன். மற்றவன் ஷான், தாயுடன் ஊர் ஊராக மாறி வாழ்பவன். பந்தயம் விபத்தில் முடிந்ததும் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தப்பிவிடுகிறார்கள்; ஷான் மட்டும் சிறையைத் தவிர்ப்பதற்காக டோக்கியோவில் பணிபுரியும் கடற்படை அதிகாரியான தந்தையிடம் அனுப்பப்படுகிறான். ஒரே குற்றத்துக்கு இரு வேறு தண்டனைகள் என்ற சமூக உண்மை சில நிமிடங்களில் பதிவாகிவிடுகிறது. படம் வெளிவந்த ஆண்டு, அமெரிக்காவில் வீட்டு விலை உச்சத்தைத் தொட்ட காலம். அடுத்த ஈராண்டுகளில் அந்தச் சந்தை சரிந்தது. இயக்குநர் எண்ணிச் செய்திருக்க வாய்ப்பில்லை எனினும், பாதி கட்டிய வீடுகள் நொறுங்கும் அக்காட்சியை இன்று பார்க்கையில் அந்த நினைவு எழாமல் இருப்பதில்லை.

இரண்டாவது நிறை, திறனுக்கு அது தரும் மதிப்பு. முந்தைய படங்களில் வெற்றி பெரும்பாலும் இயந்திர ஆற்றலைச் சார்ந்தது. பொத்தானை அழுத்தினால் நைட்ரஸ் வாயு பாய்ந்து கார் சீறும். அதாவது, மூலதனம் மிகுந்தவர் வெல்வார். ‘டிரிஃப்ட்’ அப்படிப்பட்டதன்று. வளைவில் பின்சக்கரங்களின் பிடிப்பை வேண்டுமென்றே இழக்கச் செய்து, கார் பக்கவாட்டில் சறுக்கும்போதே ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் திருப்பி, கால் அழுத்தத்தால் அந்தச் சறுக்கலைக் கட்டுக்குள் வைத்திருக்கும் கலை அது. 1970-களில் பந்தய வீரர் குனிமிட்சு தகாஹாஷியிடம் வெளிப்பட்ட இந்த முறை, கெய்ச்சி சுச்சியா போன்றோரால் ஜப்பானின் மலைப்பாதைகளில் வளர்ந்தது. சுச்சியாவே இப்படத்தில் சாகசக் காட்சிகளுக்குத் துணை நின்று, ஒரு மீனவராகத் திரையிலும் தோன்றுகிறார்.

பல அடுக்கு வாகன நிறுத்தத்தில் நடக்கும் முதல் போட்டியில் ஷான் படுதோல்வி அடைகிறான். இரவல் வாங்கிய காரைச் சுவரெங்கும் மோதி உருக்குலைக்கிறான். அந்தக் கடனை, காரைக் கொடுத்த ஹான் என்பவனிடம் வேலை பார்த்துத் தீர்க்கிறான். கற்றலுக்குச் செலவு உண்டு. அதைக் கற்பவன் உழைத்தே ஈடுகட்ட வேண்டும். மனித மூலதனம் என்று நாங்கள் வகுப்பில் விளக்கும் கருத்துக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு தேவையில்லை. ஒரு காரை இழந்தேனும் ஒருவனின் குணத்தை அறிவது இலாபமே என்று கருதும் ஹான், படத்தின் மிகச் சிறந்த பாத்திரம். அவனாக நடித்த சங் காங் ஆரவாரமின்றிப் படத்தைத் தாங்குகிறார்.

இனிக் குறைகள். திறன் வளர்வதற்குக் காலம் தேவை. படமோ அதைச் சில காட்சித் துணுக்குகளில் கடந்துவிடுகிறது. உள்ளூர் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் பயின்றதை, வந்து சேர்ந்த அமெரிக்க இளைஞன் விரைவிலேயே விஞ்சுகிறான். டோக்கியோ பளபளக்கும் பின்னணியாக நிற்கிறதே தவிர, அங்கு வாழும் சாதாரண மனிதர்கள் கதைக்குள் வருவதில்லை. நீலா என்ற பெண், இரு ஆண்களுக்கு இடையிலான போட்டியின் பரிசுப் பொருளாகக் குறுகிவிடுகிறாள். குற்றக் கும்பலின் தலைவர் ஒருவர், தம் தகராறு மலைப்பாதைப் பந்தயத்தால் தீர்வதற்கு இசைகிறார் என்பது திரைக்கதையின் சோம்பல்.

இவற்றைவிடப் பெரிய குறை வேறு. ஷிபுயா சாலைச் சந்திப்பை உலகறியும். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கடக்கும் அவ்விடத்தில் கார்கள் சறுக்கியபடி நுழைகின்றன. மக்கள் கூட்டம் அழகாக விலகி வழிவிடுகிறது. எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. பொருளியலில் இதைப் ‘புறவிளைவு’ என்போம்: ஒருவர் தம் இன்பத்துக்காகச் செய்யும் செயலின் சுமையை, அதில் தொடர்பே இல்லாத மற்றவர் சுமப்பது. தெருப் பந்தயத்தின் அடிப்படைச் சிக்கலே அதுதான். ஓட்டுபவர் தம் உயிரைப் பணயம் வைக்க உரிமை கோரலாம். சாலையைக் கடக்கும் முதியவரின் உயிரைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை தந்தவர் யார்? ஷானின் கடனைக் கடைசிக் காசு வரை கணக்கிடும் படம், அந்தக் கூட்டத்தின் கணக்கை எழுதவே இல்லை.

ஒரே ஓர் இடத்தில் அது உண்மையைத் தொடுகிறது. துரத்தலின் முடிவில் ஹான் கார் விபத்தில் இறக்கிறான். நமக்குப் பிடித்துப்போன ஒருவன் திரும்ப வரமாட்டான் என்ற கனம் அக்காட்சியில் இருக்கிறது. ஆனால், அதன் பிறகு நடந்தது பணவீக்கத்தின் கதை. ரசிகர்கள் ஹானை விரும்பியதால், அடுத்த மூன்று படங்களும் அவன் இறப்பதற்கு முன் நடந்தவையாக அமைக்கப்பட்டன. 2021-இல் வந்த ஒன்பதாம் படத்தில் அவன் இறக்கவே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அதே படத்தில் ஒரு கார் விண்வெளிக்கே சென்றது. அளவின்றி அச்சிட்ட பணம் மதிப்பிழப்பதுபோல, விளைவே இல்லாத சாகசங்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் மதிப்பும் தேய்ந்தது. வசூல் பெருகியது உண்மைதான். ஏழாம் படம் 150 கோடி டாலரைத் தாண்டியது. கலையின் கணக்கும் கல்லாப்பெட்டியின் கணக்கும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

திரையில் திரும்பி வருவது எளிது. இவ்வரிசையின் முதல் நாயகர்களுள் ஒருவரான பால் வாக்கர், 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் நண்பர் ஓட்டிய காரில் பயணித்தபோது விபத்தில் உயிரிழந்தார். அது பந்தயமன்று, சாலைக்குப் பொருந்தாத வேகமே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த நண்பரும் தேர்ந்த ஓட்டுநரே. நிஜச் சாலையில் இரண்டாம் பாகம் கிடையாது.

இத்தகைய படங்களைத் தடை செய்ய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. திரைப்படம் பார்த்ததனால்தான் இளைஞர்கள் சாலையில் பாய்கிறார்கள் என்று சொல்வதும் எளிமைப்படுத்தல். தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டு இங்கும் பெரும் வரவேற்பைப் பெற்ற படவரிசை இது. இரவு நேர பைக் பந்தயங்கள் பற்றி நம் நகரங்களின் காவல் துறை தொடர்ந்து எச்சரித்துவரும் நிலையில், தடை என்ற சொல் விரைவாக நாவில் வந்துவிடும். ஆனால், தடையைவிடப் பயன் தருவது மாற்று இடம். ஜப்பானிலேயே, சட்டவிரோத மலைப்பாதைப் பழக்கமாக வளர்ந்த டிரிஃப்ட், 2000-களின் தொடக்கத்தில் மூடிய தடங்களில் நடுவர்களுடன் நடக்கும் தொழில்முறைப் போட்டியாக உருவெடுத்தது. செலவைச் செயலில் ஈடுபடுவோரே ஏற்கும்படி அமைப்பை மாற்றுவதுதான் புறவிளைவுக்குப் பொருளியல் சொல்லும் தீர்வு; அதை அந்த நாடு ஓரளவு செய்து காட்டியிருக்கிறது.

படத்தில் தூண்டிலோடு அமர்ந்து ஷானின் சறுக்கலைக் குறை சொல்லும் அந்த மீனவர், உண்மையில் மலைப்பாதையிலிருந்து பந்தயத் தடத்துக்கு வந்தவர். அவருடைய அந்தப் பயணத்தையும் சொல்லியிருந்தால், ‘டோக்கியோ டிரிஃப்ட்’ நல்ல தொடர்ச்சிப் படம் என்பதோடு நின்றிருக்காது. நேர்மையான படமாகவும் இருந்திருக்கும்.