சும்மா கிடக்கும் போர்ஷனை 'சோபர் ஹோம்' ஆக விடலாமா?

அமெரிக்காவில் சொந்த வீடு. பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். தனி வாசலோடு இரண்டு அறைக் கீழ்த்தளம் சும்மா கிடக்கிறது. அதை சோபர் ஹோமாக (குடியை, போதைமருந்தை விட்டவர்கள் சேர்ந்து தங்கும் வாடகை இடம்) விடலாமா என்று கேட்கிறீர்கள். விடலாம். சிகிச்சை முடித்து வருகிற பலருக்குத் திரும்பிப் போகப் பழைய அறையும் பழைய கூட்டாளிகளும்தான் மிச்சம். உங்கள் போர்ஷன் அவர்களுக்கு நிஜமாகவே தேவை.

நான் வைத்தியமும் பார்க்க வேண்டுமா? கூடாது. நீங்கள் தருவது இடம் மட்டும். கலிபோர்னியாவில் சிகிச்சை எதுவும் தராதவரை மாநில உரிமம் தேவையில்லை. அரிசோனாவிலோ இடம் மட்டும் தந்தாலும் உரிமம் வேண்டும். ஆகவே மாநிலச் சுகாதாரத் துறையையும் நகராட்சியையும் முதலில் விசாரியுங்கள். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், தீவிபத்து நடந்த பிறகு இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகலாம்.

அக்கம்பக்கத்தார் எதிர்த்தால்? 1988-இல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம், பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. இப்போதும் சட்டவிரோத போதைமருந்து எடுப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் தீயணைப்பு விதிகள் உங்களுக்கும் உண்டு. கீழ்த்தளத்தில் ஒருவர் படுக்க வேண்டுமானால், அவசரத்தில் ஏறி வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டுப்பாட்டை யார் பார்ப்பது? 1975-இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் முறையில் தங்குபவர்களே பார்க்கிறார்கள். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள், மறுபடி குடித்தவரை வெளியேற்றுவார்கள். ஆனால் அதற்கு ஆறு பேராவது வேண்டும். இரண்டு அறைக்கு அது ஒத்துவராது; அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும்.

சரி, ஒருவர் மறுபடி குடித்துவிட்டு வந்தால்? ஆள் குடிவரும் முன்பே இதற்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். அன்று இரவு அவர் எங்கே தங்குவார், யாருக்குத் தகவல் சொல்வது, எத்தனை நாள் கழித்துத் திரும்பலாம் என்பதையெல்லாம் அவரோடு உட்கார்ந்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோபத்தில் பூட்டை மாற்றாதீர்கள். பல மாநிலங்களில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வாடகைதாரரை வெளியே தள்ளுவது குற்றம். ஒப்பந்தத்தை உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. சில மாதம் போதைமருந்தை விட்டவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அதே அளவு ஹெராயின் மூச்சை நிறுத்திவிடலாம். நலாக்சோன் (அபின் வகை போதையை முறிக்கும் மருந்து) மூக்கு ஸ்பிரேயாக 2023 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. இரண்டு வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள். அடித்த கையோடு 911-ஐ அழையுங்கள்.

என் வீட்டுப் பக்கம் ஏதாவது மாற்ற வேண்டுமா? நிறைய. விருந்தாளிக்கென்று வைத்த விஸ்கி மட்டுமல்ல, கேக்குக்கு ஊற்றும் வெனிலா எக்ஸ்ட்ராக்டையும் பாருங்கள். அதில் 35 சதவீதமாவது ஆல்கஹால் உண்டு. சில மவுத்வாஷ்களிலும் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் மீந்த வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுங்கள். சமையலறை பொதுவென்றால், அவர்கள் இருக்கும்வரை உங்கள் வீட்டிலும் மது வேண்டாம் என்பேன்.

பியூப்ரினார்ஃபின் (அபின் ஏக்கத்தைத் தணிக்கும் மருந்து) சாப்பிடுபவரைச் சேர்க்கலாமா? மருத்துவர் சீட்டோடு சாப்பிடுவது போதைப் பழக்கம் அல்ல, சிகிச்சை. அதைக் காரணம் காட்டி மறுத்தால் பாகுபாட்டு வழக்குக்கும் வழியுண்டு. மாத்திரையைப் பூட்டி வைக்க அவருக்கென்று ஒரு சின்னப் பெட்டி கொடுங்கள்.

கடைசியாகப் பணம். ஆள் அனுப்பினால் கமிஷன், எங்கள் ஆய்வகத்திலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் கமிஷன் என்று யாராவது வருவார்கள். தொடவே தொடாதீர்கள். 2018-இல் வந்த மத்தியச் சட்டத்தில் இதற்குப் பத்து ஆண்டு வரை சிறை. நியாயமான வாடகையை வாங்குங்கள், மாதாமாதம் ரசீது கொடுங்கள்.