பள்ளி வாசலில் காவல் யார்?

“சாப்பிடாவிட்டால் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்!” நம்முடைய வீடுகளில் அன்றாடம் கேட்கப்படுகிற வார்த்தை இது. சொல்லுகிற தாய் அடுத்த நிமிடமே அதை மறந்துவிடுகிறாள். கேட்கிற பிள்ளையோ மறப்பதில்லை. காக்கி உடையைக் கண்டால் ஓடி ஒளியவேண்டும் என்கிற பாடம் அதன் உள்ளத்தில் ஆழமாய்ப் பதிந்துவிடுகிறது. ஆபத்து நேரிடும் நாளில் அந்தப் பிள்ளை யாரிடத்தில் ஓடும்?

பிழைப்பைத் தேடித் திருப்பதியிலும் சித்தூரிலும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அநேகம். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் விடியற்காலமே புறப்படுகிற பெற்றோர், நகரத்து அரசுப் பள்ளியின் வாசலை நம்பியே தங்கள் பிள்ளைகளை விட்டுச் செல்கின்றனர். அந்த வாசலைக் காப்பவர் யார் என்று என்றாவது விசாரித்ததுண்டா?

ஆந்திர அரசு 2019-ஆம் ஆண்டில் ‘மன படி – நாடு நேடு’ என்னும் திட்டத்தைத் தொடங்கி அரசுப் பள்ளிகளைப் புதுப்பித்தது. அப்படிப் புதுப்பிக்கப்பட்ட பள்ளிகளில், மாதம் 6,000 ரூபாய் மதிப்பூதியத்தில் இரவுக் காவலர்களை நியமிக்க 2023-இல் உத்தரவிட்டது. பள்ளியின் உடைமைகள் களவுபோகாதபடிக்கு இந்த ஏற்பாடு. நல்லதே. ஆனால் பிள்ளைகள் பள்ளியில் இருப்பது பகலில் அல்லவா? பகலில் வாசலுக்கென்று தனி ஆள் இல்லாத அரசுப் பள்ளிகள் பல. அங்கே தலைமையாசிரியரும், ஆயாவும், மதிய உணவு சமைக்கும் பெண்களுமே காவலர்கள்.

ஆயுதம் மாத்திரம் போதுமா?

“பள்ளிதோறும் ஒரு போலீஸ்காரரை நிறுத்திவிட்டால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் பல நகரங்களில் அப்படியே செய்திருக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி நகரில் பள்ளிகளுக்கென்றே தனிக் காவல்துறை இருந்தது. ஆயினும் 2022 மே 24 அன்று அங்குள்ள ஆரம்பப் பள்ளியில் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தபோது, 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டனர். பல துறைகளிலிருந்தும் 376 காவலர்கள் வந்து கூடியும், 77 நிமிடங்கள் கடந்த பின்னரே அவன் சுட்டு வீழ்த்தப்பட்டான். ஆள்பலத்தினால் மாத்திரம் காவல் உண்டாகிவிடாது என்பதற்கு இது வேதனையான சாட்சி.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2017 செப்டம்பர் 8 அன்று, அரியானாவின் குருகிராமில் ஒரு தனியார் பள்ளியில் 7 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துநர் கைது செய்யப்பட்டார். பின்னர் வழக்கை ஏற்ற சி.பி.ஐ., அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று கண்டு, அதே பள்ளியின் 11-ஆம் வகுப்பு மாணவனைப் பிடித்தது. 2018-இல் நடத்துநரை நீதிமன்றம் விடுவித்தது. எளிய ஊழியர்மேல் அவசரமாய்ப் பழி சுமத்துவதும் பாதுகாப்பு ஆகாது.

சட்டம் பிள்ளையின் பக்கம்

பாலியல் தீங்கிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கலாகாது என்று அது கட்டளையிடுகிறது. பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடியமட்டும் ஒரு பெண் அதிகாரியே அதைப் பதிவு செய்யவேண்டும். இரவில் எந்தப் பிள்ளையையும் காவல்நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பதிவு செய்யும் மொழி பிள்ளைக்கு விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தரப்படவேண்டும். தெலுங்கு அறியாத தமிழ்ப் பெற்றோரே, இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். மொழி தெரியாது என்பதற்காக வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் 2022 செப்டம்பரில் ‘சிற்பி’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. சென்னையின் 100 பள்ளிகளில், பள்ளிக்கு 50 பேராக 5,000 மாணவர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். கேரளம் மாணவர் காவல் படையை 2010-லேயே ஏற்படுத்தியது. பிள்ளைகள் போலீசாரைப் பயமின்றி அறிந்துகொள்ள இவை நல்ல வழிகள்.

வீட்டில் தொடங்கவேண்டியது

முதலாவது, போலீஸ் என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துவதை நிறுத்துங்கள்.

இரண்டாவது, பள்ளியின் ஆயாவையும் காவலரையும் பெயர் சொல்லி அறிந்துகொள்ளுங்கள். பிள்ளையை அழைத்துச் செல்ல வருபவர் யார் என்று முன்னதாகவே அவர்களிடம் தெரிவியுங்கள். குறைந்த கூலி வாங்குகிற அவர்களை அற்பமாய் எண்ணாதிருங்கள். மரியாதையாய் நடத்தப்படுகிறவர் அதிகக் கரிசனையோடு காப்பார்.

மூன்றாவது, வீட்டு முகவரியைத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். 1098 சிறுவர் உதவி எண் என்பதையும், 112 அவசர உதவி எண் என்பதையும் மனப்பாடம் செய்வியுங்கள்.

நான்காவது, தகாத விதமாய்த் தொடுகிறவர் யாராயிருந்தாலும் வந்து சொல்லும்படி கூறுங்கள். ஆசிரியரோ, காவலரோ, மாமாவோ, போதகரோ, எவருக்கும் விலக்கில்லை. ஒரு போதகனாகவே இதை எழுதுகிறேன். பிள்ளை சொன்னால் அதட்டாமல் கேளுங்கள். குடும்ப மானத்திற்காக மூடி மறைக்காதிருங்கள். குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பது போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது.

இன்றிரவு உங்கள் பிள்ளை சாப்பிட மறுக்கலாம். அந்தப் பழைய மிரட்டல் நாவின் நுனிவரை வரலாம். சற்றே நிறுத்துங்கள். “உனக்கு ஆபத்து வந்தால் என்னிடம் ஓடி வா, நான் அருகில் இல்லாவிட்டால் போலீஸ் அக்காவிடம் ஓடு” என்று சொல்லிப் பாருங்கள். பள்ளி வாசலின் காவல் நம்முடைய சாப்பாட்டுத் தட்டின் அருகே தொடங்குகிறது.